வைப்பர் பிளேடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இது: ஐந்து வருடப் பழைய கார். வைப்பர் மாற்றக் கடைக்குப் போனால் ஃபிரேம், ஃபிரேம்லெஸ், ஹைப்ரிட், சிலிகான் என்று நாலு விதம் எடுத்துப் போடுகிறார்கள். விலையிலும் ஏகப்பட்ட வித்தியாசம். போன தடவை இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கிப் போட்டும் ஒரே மாதத்தில் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. எதை வாங்குவது? ஓட்டுநர் பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா?

விலை கூடிய பிளேடு ஒரே மாதத்தில் கோடு போட்டது என்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஓரளவு நல்ல ரப்பர் ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது. அதற்குள் கோடு விழுகிறது என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். கண்ணாடியில் எண்ணெய்ப் படலமோ உப்புக் கறையோ படிந்திருக்கும். பிளேடைத் தாங்கும் ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கும். அல்லது உங்கள் கண்ணாடியின் வளைவுக்கு அந்த பிளேடு பொருந்தாது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு மறுபடி வேறு வகை வாங்கினால் மறுபடியும் ஏமாற்றம்தான். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, பிளேடு உங்கள் காரில் எப்படி உட்காருகிறது என்பதே பெரிய விஷயம். அதனால் வகைகளுக்குப் போகும் முன் வைப்பர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கண்ணாடியைத் தொடுவது ரப்பரின் அடிவிளிம்பு மட்டும்தான். அதன் தடிமன் ஒரு மி.மீ.க்கும் குறைவு. பிளேடு நகரும்போது அந்த விளிம்பு நேராக நிற்பதில்லை. போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, தன் கூரான மூலையால் தண்ணீரை வழித்துக்கொண்டு போகிறது. கடைசிவரை போய்த் திரும்பும்போது மறுபக்கம் புரண்டு, அடுத்த மூலையால் வழிக்கிறது. இப்படிப் புரள்வதற்காகவே விளிம்புக்கு மேலே ரப்பரில் மெல்லிய கழுத்து போல ஒரு பகுதி விட்டிருப்பார்கள். பிளேடு திரும்பும் இடத்தில் லேசாக ‘டப்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது இந்தப் புரளல்தான். அது கோளாறு இல்லை.

மூலை கூராகவும் கழுத்து வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும்வரை வைப்பர் நன்றாகத் துடைக்கும். மூலை மழுங்கினால் தண்ணீரை வழிக்காமல் தடவிவிட்டுப் போகும். கழுத்து விறைத்துப்போனால் விளிம்பு புரள மறுக்கும். ஒரு திசையில் ஒழுங்காகப் போய், திரும்பி வரும்போது தடதடவென்று குதிக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த கார்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ரப்பர் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்து அப்படியே படிந்துவிடும். தேயவே இல்லையே, புதுசு போலத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த ரப்பரின் காலம் முடிந்துவிட்டது. வைப்பர் பயன்படுத்தினால் மட்டும் தேயும் பொருள் கிடையாது. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் சும்மா இருக்கும் ரப்பரையும் தின்றுகொண்டேதான் இருக்கும். அதனால்தான் மழையே பெய்யாத மாதங்களையும் கணக்கில் சேர்த்து, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள்.

சரி, கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கண்ணாடியைக் கழுவுங்கள். வெறும் தண்ணீர் போதாது. முன்னால் போகும் வண்டிகளின் புகை, சாலையிலிருந்து தெறிக்கும் எண்ணெய், கார் கழுவும் இடத்தில் போடும் மெழுகுப் பாலிஷ், மரத்தடியில் நிறுத்தினால் சொட்டும் பிசின் எல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிந்திருக்கும். பகலில் தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்க மங்கலாகப் பரவும்போது தெரியும். அது ரப்பரின் குற்றம் இல்லை. புது ரப்பரும் அந்த எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் பரப்பத்தான் செய்யும்.

முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவிக் காய விடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, துணியின் பக்கத்தை மாற்றி மாற்றித் துடையுங்கள். துணியில் அழுக்கு ஏறுவது நிற்கும்வரை விடாதீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்திருந்தால் ஆல்கஹாலுக்கு அசையாது. அதற்கு வினிகரைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் போட்டுவைத்துத் தேய்க்க வேண்டும். பெயின்டில் வழியாமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். விரல் நுனியால் தடவும்போது இன்னும் சொரசொரப்பாக இருந்தால் கிளே பார் என்று ஒரு களிமண் கட்டி கிடைக்கும். கண்ணாடியை நன்றாக ஈரமாக்கிவிட்டு அதைத் தேய்த்தால் ஒட்டியிருப்பதை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கடைசியாக, பழைய பிளேடின் ரப்பரையும் ஈரத்துணியால் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து நீளவாக்கில் உருவிவிடுங்கள். கறுப்பாக வரும். வந்துகொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். கொஞ்சம் ரப்பரின் மேல்பூச்சும் சேர்ந்துதான் வரும். அழுக்கு போனால் போதும்.

இதைச் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கேள்வி கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும், பிளேடு வாங்கவே வேண்டியிருக்காது.

தீரவில்லையா? இப்போது கண்ணாடியில் விழும் தடத்தைப் படிக்க வேண்டும். இது கொஞ்சம் சுவாரசியமான வேலை. ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால், அந்த இடத்தில் ரப்பர் கிழிந்திருக்கிறது அல்லது ஒரு மணல் துகள் சிக்கியிருக்கிறது. பல கோடுகள் சீப்பு போட்டு வாரியதுபோல் விழுந்தால் விளிம்பு முழுக்க மழுங்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பிளேடு போன பிறகு பரவலாக ஒரு மங்கல் வந்து ஓரிரு நொடியில் மறைந்தால் எண்ணெய்ப் படலம் இன்னும் இருக்கிறது. நடுவில் ஒரு பட்டை துடைக்கப்படாமல் போகிறது, அல்லது இரண்டு முனைகளும் கண்ணாடியைத் தொடவில்லை என்றால், பிளேடின் வளைவும் கண்ணாடியின் வளைவும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஊரெல்லாம் பாராட்டும் பிளேடாக இருந்தாலும் உங்கள் காருக்கு அது ஆகாது. மெதுவாகப் போகும்போது நன்றாகத் துடைத்து, வேகம் கூடியதும் துடைக்காமல் விட்டால் காற்று பிளேடைத் தூக்குகிறது. அல்லது ஆர்மின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

தடதட சத்தம் மட்டும் தனிக் கதை. கண்ணாடி சுத்தம், ரப்பர் புதுசு, ஆனாலும் ஒரு திசையில் குதிக்கிறது என்றால் சந்தேகம் ஆர்மின் மேல் போக வேண்டும். ஆர்மின் நுனி கண்ணாடிக்கு இணையாக நின்றால்தான் ரப்பர் செங்குத்தாக நிற்கும்; அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகப் புரளும். கார் கழுவுகிறவர் ஆர்மைப் பிடித்து முறுக்கித் தூக்கியிருக்கலாம், தானியங்கிக் கழுவும் இயந்திரத்தின் பிரஷ் இழுத்திருக்கலாம். நாலைந்து டிகிரி முறுக்கினாலும் போதும், சத்தம் வந்துவிடும். பிளேடைக் கழற்றிவிட்டு ஆர்மின் நுனியைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், சாய்வு கண்ணுக்கே தெரியும். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனர் போட்டு மெல்லத் திருப்பி நேராக்கிவிடுவார். இதற்குப் புதுப் பிளேடு வாங்கிப் பயனே இல்லை.

இனி வாங்கும் விஷயம். முதலில் நீளம். பெரும்பாலான கார்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது. ஓட்டுநர் பக்கம் நீளமாகவும் பக்கத்து இருக்கைப் பக்கம் குட்டையாகவும் இருக்கும். 24 இன்ச்சும் 16 இன்ச்சும், 26 இன்ச்சும் 16 இன்ச்சும் என்பது போன்ற ஜோடிகள் சாதாரணம். பெட்டியில் இன்ச்சும் மி.மீ.யும் இரண்டும் இருக்கும். 24 இன்ச்சுக்கு 600 என்றும் 26 இன்ச்சுக்கு 650 என்றும் போட்டிருப்பார்கள். கணக்குப்படி 24 இன்ச் என்பது 609.6 மி.மீ.; வணிகத்தில் அதை 600 என்று முழுதாக்கிவிட்டார்கள். அந்தப் பத்து மி.மீ. வித்தியாசத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஏற்கெனவே காரில் இருப்பதை டேப் வைத்து அளந்து வாங்குவது பலருடைய வழக்கம். பழைய கார் என்றால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்கு முன் வைத்திருந்தவரோ சர்வீஸ் செய்தவரோ கையில் கிடைத்த அளவை மாட்டியிருக்கலாம். காருடன் வந்த கையேட்டிலோ பிளேடு தயாரிப்பாளரின் பட்டியலிலோ மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் வைத்துப் பாருங்கள். ஆண்டு முக்கியம். ஒரே பெயரில் வரும் காருக்கு அடுத்த தலைமுறையில் அளவும் மாறும், கொக்கியும் மாறும்.

கொஞ்சம் நீளமாகப் போட்டால் இன்னும் அதிக இடம் துடைக்குமே என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு இன்ச் கூடினாலே இரண்டு பிளேடும் நடுவில் உரசிக்கொள்ளலாம், அல்லது நுனி கண்ணாடியின் ஓரத்துச் சட்டத்தில் போய் மோதலாம். மோதாவிட்டாலும் ஆர்மின் அழுத்தம் நீளம் முழுக்கப் பகிர்ந்து குறைந்துவிடும். கண்ணாடி அதிகம் வளையும் ஓரப் பகுதியில் நுனி தொடவே தொடாது. மோட்டாருக்கும் சுமை. குட்டையாகப் போட்டால் இயந்திரத்துக்குக் கெடுதல் இல்லை, பார்வைதான் குறையும். சொன்ன அளவு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து இருக்கைப் பக்கம் ஒரு இன்ச் குறைத்து ஒப்பேற்றலாம். ஓட்டுநர் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது கொக்கி. கடையில் தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான். ஆர்மின் நுனி மீன் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தால் அது யூ ஹூக். உலகத்தில் அதிகம் இருப்பது அதுதான். அதிலேயே அளவுகள் உண்டு. 9 மி.மீ. அகலத்தில் 3 மி.மீ. தடிமன் ஒன்று, 4 மி.மீ. தடிமன் இன்னொன்று. பிளேடையும் ஆர்மையும் இணைக்கும் சின்னத் துண்டுக்கு அடாப்டர் என்று பெயர். தவறான அடாப்டரில் மாட்டினால் உள்ளே போய்விடும், ஆனால் லொடலொடவென்று ஆடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ‘டக்’ என்று தட்டும். பலர் இதை ரப்பர் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொக்கி இல்லாத ஆர்ம்களும் இருக்கின்றன. பக்கவாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது அழுத்தினால் விடும் பொத்தான் வைத்திருக்கும், அல்லது இரண்டு பக்கமும் கிள்ளிக் கழற்றும் தாழ் இருக்கும். ஐரோப்பிய கார்களில் பொத்தானும் கிள்ளுத் தாழும் நிறையப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று ஏழெட்டு அடாப்டர்களைப் பையில் போட்டு விற்கும் பிளேடுகள் மோசமில்லை. ஆனால் உங்கள் காருக்கென்றே ஒற்றை அடாப்டரோடு வருவது எப்போதும் இறுக்கமாக உட்காரும். கிடைத்தால் அதையே எடுங்கள். கடைக்குப் போகும் முன் ஆர்மின் நுனியை பிளேடோடு சேர்த்து இரண்டு கோணத்தில் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம்.

சில கார்களில் துடைக்கும் தண்ணீரே பிளேடிலிருந்தோ ஆர்மிலிருந்தோ தெளிக்கும். மெர்சிடிஸ், வால்வோ போன்றவற்றின் சில மாடல்களில் இப்படி வரும். பிளேடுக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும் வகை என்றால் பேச்சே கிடையாது, அந்த காருக்குரியதை மட்டுமே போட முடியும்.

இப்போது உங்கள் கேள்வியில் இருந்த நாலு வகை.

ஃபிரேம் வகை என்பது இரும்புச் சட்டம் போட்ட பழைய மாதிரி. ஆர்ம் நடுவில் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைச் சட்டத்தின் கிளைகள் பிரித்து ஆறு எட்டு இடங்களில் ரப்பருக்குக் கொடுக்கின்றன. கிளைகள் இணையும் இடங்கள் அசைந்துகொடுப்பதால் எப்படிப்பட்ட வளைவுக்கும் ஓரளவு பொருந்திப்போகும். குறை என்னவென்றால், அந்த இணைப்புகளில் தூசியும் துருவும் சேர்ந்தால் அசைவு நின்றுவிடும். பனி உறையும் குளிர்ப் பிரதேசங்களில் இணைப்புகளுக்குள் பனிக்கட்டி இறுகிச் சட்டமே விறைத்துக்கொள்ளும்; அங்கே சட்டம் முழுவதையும் ரப்பர் உறையால் மூடிய தனி பிளேடுகள் விற்கிறார்கள். வேகத்தில் காற்று சட்டத்தின் இடுக்குகளில் புகுந்து தூக்கவும் பார்க்கும்.

ஃபிரேம்லெஸ், ஃபிளாட், பீம் என்று மூன்று பெயரில் விற்பது ஒரே வகைதான். சட்டத்துக்குப் பதிலாக ரப்பரின் முதுகில் வளைத்த ஸ்பிரிங் எஃகுப் பட்டை. கையில் எடுத்துப் பார்த்தால் வில் மாதிரி வளைந்திருக்கும். கண்ணாடியில் வைத்து அழுத்தும்போது விரிந்து, நீளம் முழுக்கச் சமமாக அழுத்தும். பாஷ் நிறுவனம் ஏரோட்வின் என்ற பெயரில் 1999இல் இதைக் கொண்டுவந்தது, அதன் பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மேலே இருக்கும் சாய்வான ரப்பர் முதுகு வெறும் அழகுக்கு இல்லை. எதிர்காற்று அதில் பட்டு பிளேடைக் கண்ணாடியை நோக்கி அழுத்துகிறது. இணைப்புகள் இல்லாததால் தூசி சேர இடமும் குறைவு.

இவ்வளவு நல்லது என்றால் எல்லாரும் இதையே வாங்கலாமே? அங்கேதான் வளைவு குறுக்கே வருகிறது. அந்த எஃகுப் பட்டையின் வளைவு ஏதோ ஒரு கண்ணாடியை மனதில் வைத்து முடிவு செய்யப்பட்டது. தொழிற்சாலையிலேயே ஃபிரேம்லெஸ்ஸோடு வந்த காருக்கு, அந்த காருக்கென்று செய்த பிளேடு அருமையாகத் துடைக்கும். சட்டம் போட்ட பிளேடோடு வந்த காருக்கு, எல்லாக் காருக்கும் பொது என்று விற்கும் ஃபிரேம்லெஸ்ஸை மாட்டினால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கண்ணாடி அதிகமாக வளைந்திருந்தால் நுனிகள் அந்தரத்தில் நிற்கும். தட்டையாக இருந்தால் நடுப்பகுதி சரியாக அழுந்தாது. போன முறை நீங்கள் வாங்கிய விலை கூடியது இந்த வகையாக இருந்திருந்தால், கோட்டுக்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். மாட்டியதும் ஒரு சோதனை செய்துபாருங்கள்: பிளேடைக் கண்ணாடியின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு மெல்லிய தாளை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். எங்கே தாள் தடையில்லாமல் போகிறதோ அங்கே மழைத் தண்ணீரும் அப்படியே நிற்கும்.

ஃபிரேம்லெஸ்ஸில் இன்னொரு நுணுக்கம். முதுகின் சாய்வு ஒரு பக்கமாக மட்டும் இருக்கும் பிளேடுகள் உண்டு. வலப்பக்க ஸ்டியரிங் காருக்கும் இடப்பக்க ஸ்டியரிங் காருக்கும் வைப்பர் படுக்கும் திசை மாறுவதால், அவற்றில் இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. சாய்வு தலைகீழாக வந்தால் வேகத்தில் காற்று பிளேடை அழுத்துவதற்குப் பதில் தூக்கும்.

ஹைப்ரிட் என்பது உள்ளே சட்டம், மேலே காற்றுக்கு வழுக்கும் பிளாஸ்டிக் மூடி. ஜப்பானிய கார்களில் இது அதிகம். சட்டம் போட்ட காரில் வேகத்தில் துடைப்பு போதவில்லை என்றால் ஃபிரேம்லெஸ்ஸுக்குத் தாவுவதைவிட ஹைப்ரிட் எடுப்பதே நல்லது என்பது என் கட்சி. வளைவுக்குப் பொருந்தும், பார்க்கவும் நன்றாக இருக்கும், காற்றுக்கும் ஓரளவு தாங்கும். விலை மட்டும் சில இடங்களில் நியாயமே இல்லாமல் இருக்கும்.

சிலிகான் என்பது வகை இல்லை, ரப்பரின் பொருள். அதை முதல் மூன்று வகையோடு ஒரே வரிசையில் வைப்பதே கடைக்காரர்கள் செய்யும் குழப்பம். மேற்சொன்ன மூன்று உருவத்திலும் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், சிலிகான் எது வேண்டுமானாலும் வரலாம். இயற்கை ரப்பர் மென்மையாகத் துடைக்கும், வெயிலுக்கும் ஓசோனுக்கும் சீக்கிரம் வெடிக்கும். அதன்மேல் கிராஃபைட் பூசியிருப்பார்கள். கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகவும் சத்தம் குறையவும்தான் அது. சிலிகான் வெயிலைத் தாங்கும், அதிகக் காலம் உழைக்கும், துடைக்கும்போதே கண்ணாடியில் மெல்லிய படலத்தை விட்டுப்போய் மழைத்துளிகளை உருண்டோட வைக்கும். விலை கூட. கண்ணாடி படுசுத்தமாக இல்லாவிட்டால் முதல் நாளிலிருந்தே தடதடக்கும். வண்டியை வருடம் முழுக்க வெயிலில் நிறுத்துபவர்களுக்கு சிலிகான் சரி. அதிகம் ஓட்டாமல் நிழலில் நிறுத்துபவர்களுக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்கு சாதாரண ரப்பரை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வருடக் காருக்கு, அதில் முதலில் வந்த வகை எதுவோ அதையே, காரின் மாடலைப் போட்டு விற்கும் தரமான தயாரிப்பில் வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை. காரில் முதலில் சட்டம் வந்திருந்தால் சட்டமோ ஹைப்ரிட்டோ. ஃபிரேம்லெஸ் வந்திருந்தால் அதே. ஃபிரேம்லெஸ்ஸோடு வந்த காருக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று சட்டம் போடுவதும் வேண்டாம். ஆர்மின் அழுத்தமும் கொக்கியும் அதற்காக வடிவமைக்கப்பட்டவை இல்லை.

சட்டமோ ஹைப்ரிட்டோ உறுதியாக இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். ரீஃபில் என்று கேளுங்கள். மலிவு, குப்பையும் குறைவு, துடைப்பிலும் வித்தியாசம் தெரியாது. பழைய ரப்பரோடு சேர்ந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிப் பட்டைகள் வெளியே வரும்; அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ரீஃபிலோடு புதிதாக வராமல் போகலாம். அந்தப் பட்டைகளுக்கு ஒரு வளைவு உண்டு. எடுத்தபோது எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ அதே பக்கம் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ரப்பரின் நுனிகள் கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கும். ரப்பரின் அகலமும் 6 மி.மீ., 8 மி.மீ. என்று மாறும், பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மாட்டும்போது ஒரே ஒரு ஜாக்கிரதை, ஆனால் பெரிய ஜாக்கிரதை. பிளேடைக் கழற்றிய வெறும் ஆர்ம் ஸ்பிரிங்கின் வேகத்தில் விழுந்தால் இரும்பு நுனி நேராகக் கண்ணாடியில் அடிக்கும். முன்கண்ணாடி விரிசல் விட அந்த ஒரு அடி போதும். அதனால் முதலில் ஒரு தடித்த துண்டை மடித்துக் கண்ணாடியின்மேல் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வைப்பர் பானெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காரில் ஆர்மை அப்படியே தூக்கினால் பானெட் ஓரத்தில் இடித்துப் பெயின்ட் போகும். அவற்றுக்கு சர்வீஸ் நிலை என்று ஒன்று உண்டு. பல கார்களில் இக்னிஷனை அணைத்த சில நொடிக்குள் வைப்பர் நெம்புகோலைத் தட்டினால் ஆர்ம்கள் மேலே வந்து நிற்கும். உங்கள் காருக்கு எப்படி என்று கையேடு சொல்லும். புதுப் பிளேடின் ரப்பர்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தால் அதை உருவிவிடுங்கள். சிரிக்காதீர்கள், அதோடு ஓட்டிக்கொண்டு துடைக்கவே இல்லை என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் ‘க்ளிக்’ என்று பூட்டிய சத்தம் கேட்கிறதா பார்த்துவிட்டு, லேசாக இழுத்தும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பராமரிப்பு. காய்ந்த தூசி படிந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள். புது ரப்பரை ஒரே நாளில் கெடுக்க அதைவிட எளிய வழி கிடையாது. முதலில் தண்ணீர் அடியுங்கள். தூறலில் தொடர் ஓட்டமும் வேண்டாம், விட்டுவிட்டுத் துடைக்கும் நிலையில் வைத்தால் ரப்பர் காய்ந்த கண்ணாடியில் உரசாது. அந்த விட்டுவிட்டுத் துடைக்கும் முறையை மின்னணுச் சுற்றில் செய்துகாட்டி 1967இல் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் கியர்ன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். கண்ணிமை இடைவிடாமல் துடைப்பதில்லையே, தேவைப்படும்போது ஒருமுறை சிமிட்டுகிறதே என்பதிலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. அதற்காகப் பிறகு ஃபோர்டு, கிரைஸ்லர் நிறுவனங்களோடு அவர் வருடக்கணக்கில் வழக்காடியது வேறு கதை.

ரப்பரை மண்ணெண்ணெயால் துடைத்தால் பளபளக்கும், பிறகு ஊதி உருக்குலையும். டபிள்யூ.டி.-40 என்ற எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் சத்தம் உடனே நிற்கும்; ஒரு வாரம் கண்ணாடி முழுக்க எண்ணெய் மங்கல். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துக் கூராக்கும் வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கும் பூச்சும் போய், இருந்த கொஞ்சநஞ்ச நேர் விளிம்பும் போய்விடும். எப்படியும் மாற்றப்போகிற ரப்பரில் வேண்டுமானால் விளையாடிப் பாருங்கள். சட்டம் வெளியே தெரியும் அளவுக்கு ரப்பர் கிழிந்துவிட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். இரும்பு உரசிய வில் வடிவக் கீறல் கண்ணாடியில் நிரந்தரமாக நிற்கும். அதைப் பாலிஷ் போட்டு எடுக்கப் பார்த்தால் அந்த இடத்தில் பார்வை நெளியும்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்தலாமா என்று அடுத்த கேள்வி வரும். சூடான கண்ணாடியில் ரப்பர் படிந்து கிடக்காது என்பது உண்மைதான். ஆனால் யாராவது தட்டிவிட்டாலோ பலத்த காற்று அடித்தாலோ ஆர்ம் அறைந்து விழும். பல நாள் ஓட்டாமல் மூடிய இடத்தில் நிறுத்துவதாக இருந்தால் தூக்கி வைக்கலாம். தெருவில் நிறுத்தும்போது வேண்டாம், நிழல் தேடுவதே நல்லது.

கடைசிக் கேள்வி, ஓட்டுநர் பக்கம் மட்டும் போதுமா. இரண்டும் ஒரே வயது, ஒரே வெயில் தின்றவை. ஒன்று போய்விட்டால் மற்றது பின்னாலேயே வரும். பெரும்பாலான கார்களில் பக்கத்து இருக்கைப் பக்கத்துப் பிளேடு துடைத்து ஒதுக்கும் தண்ணீர் ஓட்டுநர் பார்க்கும் பகுதியின் ஓரத்துக்குத்தான் வருகிறது. அதனால் ஜோடியாக மாற்றுங்கள். ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு கல் பட்டுக் கிழிந்தது, மற்றது இரண்டு மாதப் புதுசு என்றால் அப்போது ஒன்றை மட்டும் மாற்றலாம், தப்பில்லை. பின்கண்ணாடி வைப்பர் இருக்கும் காரில் அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் கொக்கி பெரும்பாலும் அந்த மாடலுக்கென்றே தனி, பொதுப் பிளேடு உட்காராது, வேலையும் குறைவு. விரலால் தடவிப் பார்த்து ரப்பர் வெடித்திருந்தால் மட்டும் காரின் மாடலைச் சொல்லி வாங்கி மாட்டிவிடுங்கள்.